நல்ல குச்சிக்கு யார் பொறுப்பு? மரவள்ளி விவசாயி ஒருவரின் திறந்த மடல்

தமிழ்நாடு தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை இயக்குநர் அவர்களுக்கும், ஏத்தாப்பூர் மரவள்ளி – ஆமணக்கு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளுக்கும், சேலம், நாமக்கல் மாவட்ட சேகோ ஆலை உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

மூன்று பேரையும் ஒரே மடலில் கூப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. மரவள்ளி சாகுபடி தோட்டக்கலைத் துறையின் பொறுப்பு. ரகம் கண்டுபிடிப்பது ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பு. விளைந்த கிழங்கை வாங்கி ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் ஆக்குவது ஆலைகள். இந்த மூன்றுக்கும் நடுவில் குச்சி என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் நிலத்தில் ஊன்றுவது அதைத்தான். அது எங்கிருந்து வருகிறது, அதில் என்ன நோய் இருக்கிறது, யார் பார்த்து அனுப்பினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

மார்கழி பிறந்ததும் ஆத்தூர், வாழப்பாடி, ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கமெல்லாம் ஒரே பேச்சு, "குச்சி எங்கே இருக்கு?" பக்கத்துக் காட்டுக்காரரிடம் இருந்தால் சரி (எங்கள் பக்கம் காடு என்றால் வயல்). இல்லையென்றால் புரோக்கர். ஒரு டிராக்டர் நிறையக் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். எந்த ஊர், எந்தக் காடு, போன வருஷம் அங்கே தேமல் நோய் இருந்ததா, மாவுப்பூச்சி இருந்ததா, எதுவும் தெரியாது. "நல்ல குச்சிங்க, நம்பி ஊனுங்க" என்பதுதான் கிடைக்கும் ஒரே சான்றிதழ்.

இந்தப் பயிரைப் பார்த்திராத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அதிகாரிகளுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளிக்கு நாங்கள் விதை போடுவதில்லை. கிழங்கு பிடுங்கும்போது தண்டை வெட்டி, மர நிழலில் நிற்க வைத்து, நடவு நேரம் வந்ததும் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி ஊன்றுகிறோம். ஒவ்வொரு துண்டிலும் எட்டுப் பத்துக் கணுக்கள் இருக்கும். ஒரு செடியின் தண்டிலிருந்து சுமாராகப் பத்துத் துண்டு தேறும். மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்கு ஐயாயிரம் துண்டு வேண்டும். தாய்ச்செடியிடம் இருந்தது அத்தனையும் துண்டோடு வந்துவிடும். விளைச்சலும் வரும், மாவுச்சத்தும் வரும், நோயும் வரும்.

தேமல் நோய் வைரஸால் வருவது. இந்தியாவில் இதற்குக் காரணமான வைரஸ்கள் இரண்டு. ஒன்றுக்கு இந்தியாவின் பெயரும் மற்றொன்றுக்கு இலங்கையின் பெயரும் வைத்திருக்கிறார்கள். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக வரும், இலை கோணிக்கொள்ளும், சிறுத்துப்போகும். செடிக்குச் செடி வெள்ளை ஈ பரப்பும். ஊருக்கு ஊர் நாம்தான் பரப்புகிறோம், குச்சி வழியாக. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நன்றாக வளர்ந்த செடியில் நாலு மாதம் கழித்து வெள்ளை ஈ கொண்டுவந்து சேர்க்கும் நோயால் பெரிய நஷ்டம் வருவதில்லை. குச்சியிலேயே வைரஸ் இருந்தால், துளிர்க்கும் முதல் இலையிலிருந்தே செடி நோயாளிதான். அது கிழங்கு பிடிப்பது எப்படி?

இங்கேதான் சிக்கல். கிழங்கு பிடுங்கும் சமயத்தில் செடியில் இலை கொட்டிப் போயிருக்கும், உச்சியில் நாலு இலை இருந்தால் அதிகம். வெட்டிக் கட்டிய பிறகு அதுவும் இல்லை. வெறும் குச்சியைப் பார்த்து இதில் தேமல் இருக்கிறது, இதில் இல்லை என்று ஆய்வகம் சொல்லலாம், மனிதக் கண் சொல்லாது. "விவசாயிகள் தரமான குச்சியைத் தேர்வு செய்து நடவு செய்ய வேண்டும்" என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சடிக்கிறீர்கள். மாசியில் எதை வைத்துத் தேர்வு செய்வது? தேர்வு செய்ய வேண்டிய காலம் அதற்கு ஆறேழு மாதம் முன்னால், பயிர் பச்சையாக நிற்கும்போது. அப்போது வயலுக்குள் நடந்து, இலை சுத்தமாக இருக்கும் செடிகளுக்குச் சாயம் பூசியோ கயிறு கட்டியோ அடையாளம் வைத்தால்தான் மாசியில் அதை மட்டும் தனியாக வெட்ட முடியும். சொந்தக் காட்டில் அதைச் செய்கிறவர்கள் எங்கள் பக்கம் சிலர் இருக்கிறார்கள். விலைக்கு வாங்கும் குச்சியில் அதை யார் செய்தது?

இனி ரகத்துக்கு வருகிறேன். ஆலை உரிமையாளர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தலையெடுத்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனதும், 1943 வாக்கில் இங்கே குடிசைத் தொழிலாக மரவள்ளி மாவிலிருந்து செய்யப் பழகினார்கள். 1981இல் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இத்தனைக்கும் அடியில் கிடப்பது கிழங்கு. அதில் பெரும்பங்கு நீண்ட காலமாக எச் 226. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1971இல் வெளியிட்ட ரகம் அது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் பக்கத்தில் பல வீடுகள் அந்தக் கிழங்கில் எழும்பியவை. ஆனால் தேமலுக்கு அது தாங்காது.

பிறகு ஏன் விடாமல் நடுகிறோம்? பாயிண்ட். ஆலையில் கிழங்கு மாதிரியை எடுத்து மாவுச்சத்து பார்க்கிறார்கள். அந்த மாவுச்சத்துக்குப் பாயிண்ட் என்று பேர். பாயிண்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்றுதான் விலை. எச் 226 நன்றாக விளைந்தால் 28க்கு மேலேயும் காட்டும். புது ரகம் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினால், "இது என்ன கிழங்கு, பாயிண்ட் வராது" என்று வாசலிலேயே விலையைக் குறைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சில சமயம் உண்மையிலேயே இரண்டு மூன்று பாயிண்ட் குறையத்தான் செய்கிறது. சில சமயம் வெறும் பேச்சு. எது எது என்று சொல்லும் பொதுவான அளவீடு எங்கள் கையில் இல்லை. தேமலில் போகும் விளைச்சல் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். போன வருஷமும் அதே அளவுதான் விளைந்தது என்று மனசு ஆறிவிடும். பாயிண்ட் குறைந்தால் அது சீட்டிலேயே எழுதி வரும். விவசாயி எதற்குப் பயப்படுவான் என்று நீங்களே சொல்லுங்கள்.

தேமலைத் தாங்கும் ரகம் இல்லையா என்றால், இருக்கிறது. அது வந்த வழியைப் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. 1930களில் இன்றைய தான்சானியாவில் அமானி என்ற மலை ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே ஸ்டோரி என்கிற விஞ்ஞானி மரவள்ளியில் எதிர்ப்புத்திறன் போதாது என்று கண்டு, அதன் உறவினமான சியாரா ரப்பர் மரத்தோடு இனக்கலப்பு செய்தார். ரப்பர் மரத்தில் கிழங்குக்கு எங்கே போவது? அதனால் பிறந்த கன்றுகளைத் திரும்பத் திரும்ப மரவள்ளியோடு சேர்த்து, கிழங்கும் வேண்டும், நோய் தாங்கவும் வேண்டும் என்று பல தலைமுறை பொறுக்கி எடுத்தார்கள். அந்த வழியில் வந்த விதைகள் 1950களில் நைஜீரியாவுக்குப் போயின. 1971இல் இபாதானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்துக்குக் கொரியாவிலிருந்து வந்து சேர்ந்த ஹான் என்பவர் அவற்றை வைத்து ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிய ரகங்களை உருவாக்கினார். பிறகு மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகளின் நாட்டு ரகங்களிலேயே இன்னும் வலுவான ஒற்றை மரபணு எதிர்ப்பு இருப்பது தெரிய வந்தது. யாரோ பெயர் தெரியாத விவசாயிகள் காப்பாற்றி வைத்திருந்த செடிகள் அவை.

அந்த நைஜீரியக் கையிருப்பிலிருந்து வந்த ஒன்றைத்தான் ஸ்ரீகாரியம் நிறுவனம் ஸ்ரீ பத்மநாபா என்ற பெயரில் தமிழ்நாட்டுக்காக வெளியிட்டது. அதற்குப் பிறகு, தேமலையும் தாங்க வேண்டும், ஆலைக்கும் ஆக வேண்டும் என்று சேர்க்கை செய்து ஸ்ரீ ரக்ஷா போன்றவற்றைக் கொண்டுவந்தார்கள். ஏத்தாப்பூரிலிருந்தும் ரகங்கள் வந்திருக்கின்றன. விஞ்ஞானிகளுக்கு ஒரு கும்பிடு. அமானியில் தொடங்கி ஏத்தாப்பூர் வரை வந்த பொருள், ஏத்தாப்பூரிலிருந்து இருபது கிலோமீட்டரில் இருக்கும் காட்டுக்கு வர மட்டும் வழி தெரியாமல் நிற்கிறது. ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் கையளவு குச்சி தருவார்கள், அதுவும் தீர்ந்துபோனால் அடுத்த வருஷம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆராய்ச்சி நிலையத்தின் வேலை ரகத்தை உருவாக்குவது. மாவட்டத்துக்கே குச்சி வெட்டிக் கட்டுவது அவர்கள் வேலை இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு செடிக்குப் பத்துத் துண்டு. சுத்தமான ஒரு ஏக்கரில் தொடங்கினால் அடுத்த வருஷம் 10 ஏக்கர், அதற்கடுத்து 100, நாலாவது நடவில்தான் 1,000. நெல்லாக இருந்தால் ஒரே போகத்தில் எங்கேயோ போயிருக்கும். ஆனால் இதற்கும் ஸ்ரீகாரியத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். முழுத் துண்டுக்குப் பதிலாக இரண்டே கணு உள்ள சின்னத் துண்டாக நறுக்கி, நிழல்வலைக்குள் பாத்தியில் நெருக்கமாக நட்டு, மூன்று நாலு வாரத்தில் நாற்றாக எடுத்து வயலில் நடும் முறை. ஒன்றுக்குப் பத்து என்பது ஒன்றுக்கு அறுபது ஆகிறது. அப்படியானால் ஒரு ஏக்கர் இரண்டே வருஷத்தில் 3,600 ஏக்கர். பாதிக்குப் பாதி கெட்டுப்போனது என்று வைத்துக்கொண்டாலும் பெரிய விஷயம். இதில் இன்னொரு லாபம் உண்டு. நாற்றங்காலில் நிற்கும் அந்த மூன்று வாரத்திலேயே தேமல் வந்த கன்று தெரிந்துவிடும். பிடுங்கி எறிந்துவிட்டு மீதியை மட்டும் வயலுக்கு அனுப்பலாம். வெறும் குச்சியில் தெரியாதது நாற்றில் தெரிகிறது.

இது இந்த மாநிலத்துக்குப் புதிய வேலையும் இல்லை. கரும்பில் கணுவின் பருவை மட்டும் சீவி வளர்க்கும் பருசீவல் நாற்று நிழல்வலைக் கூடங்களில் தயாராகி விவசாயிக்கு வருகிறது. விதைக் கரும்புக்கென்று தனி நாற்றங்கால் போட்டு சர்க்கரை ஆலைகளே கண்காணிக்கின்றன. வாழையில் திசு வளர்ப்புக் கன்று இன்று சாதாரணமாகிவிட்டது. மரவள்ளிக்கு மட்டும் ஏன் இல்லை? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். சர்க்கரை ஆலைக்குத் தன் கரும்பு யார் வயலில் நிற்கிறது என்று தெரியும், பதிவு இருக்கிறது. சேகோ ஆலைக்குக் கிழங்கு வாசலுக்கு வந்தால் போதும். இடையில் புரோக்கர். யார் வயல் என்று தெரியாதவருக்கு அந்த வயலின் குச்சி எப்படி இருந்தால் என்ன?

மாவுப்பூச்சி வந்தபோது இந்த அலட்சியத்துக்கு எல்லோரும் சேர்ந்து விலை கொடுத்தோம். 2020இல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் முதலில் கண்டார்கள். அந்த வருஷமே நாமக்கல், சேலம் என்று வந்துவிட்டது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த பூச்சி. அந்த இனத்தில் ஆணே கிடையாது, எல்லாம் பெண். சேர்க்கை இல்லாமலே முட்டையிடும். அதனால் ஒரு கணுவில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு பூச்சி வந்தால் போதும், ஒரு காட்டை நிரப்பிவிடும். அது சாறு உறிஞ்சும்போது செலுத்தும் எச்சிலால் செடியின் முனை வளராமல் குறுகி, இலைகள் சுருண்டு முடிச்சு மாதிரி ஆகிவிடும். அந்தத் தண்டை வெட்டிக் குச்சியாக்கினால் அதுவும் கோணல். ஊரெல்லாம் மருந்துக் கடை வாசலில் நின்றது. ஒருவர் ஒரு மருந்து அடித்தால் அடுத்தவர் இரண்டு மருந்தைக் கலந்து அடித்தார். மெழுகுப் பொடி போர்த்திச் சுருண்ட இலைக்குள் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு அது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கும்?

இதே பூச்சி 1970களின் தொடக்கத்தில் காங்கோப் பக்கம் நுழைந்து ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகளையெல்லாம் பட்டினியின் விளிம்புக்குக் கொண்டுபோனது. ஹான்ஸ் ஹெரென் என்ற சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளர் தலைமையில் ஒரு குழு, இந்தப் பூச்சியின் சொந்த ஊரில் இதைத் தின்பது எது என்று தேடிப் போனது. 1981இல் பராகுவேயில் ஒரு குளவி அகப்பட்டது. அனகைரஸ் லோபெசி என்று பேர், கொசுவை விடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். புழு உள்ளேயிருந்தே அதைத் தின்று தீர்க்கும், பூச்சி உப்பிக் காய்ந்த கூடாகிவிடும். அந்தக் குளவியை வளர்த்து, சில இடங்களில் விமானத்திலிருந்துகூட விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. ஹெரெனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2008இல் தாய்லாந்தில் பூச்சி வந்தபோது அடுத்த வருஷமே பெனினிலிருந்து குளவியைத் தருவித்துக்கொண்டார்கள். நமக்கும் பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021இல் பெனினிலிருந்து வரவழைத்து, பரிசோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் வயலில் விட்டது. பராகுவேக் குளவிக்குப் பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, சந்தோஷம்.

இதற்கு முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறோம். 2008இல் கோவையில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி வந்த பிறகுதான் நிலைமை திரும்பியது. ஆக, குளவி வேலை செய்கிறது. ஆனால் குளவி விட்ட ஊரிலேயே, பக்கத்துக் காட்டுக்காரருக்கு அந்தச் சேதி தெரியாமல் அவர் மருந்தடித்துக்கொண்டிருந்தால் என்ன பயன்? குளவிக்கு வேலி தெரியாது. குளவி விட்ட பஞ்சாயத்தில் ஒரு பலகை வையுங்கள், மருந்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு முதலில் அவர்களிடம் பேசுங்கள். எங்கள் ஊரில் வேளாண் ஆலோசகர் என்றால் நடைமுறையில் அவர்கள்தானே.

ஒன்று உறுத்துகிறது. இந்தப் பூச்சி கடல் தாண்டி எப்படி வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாமல் இருக்கலாம். மாவட்டத்துக்கு மாவட்டம் நடவுக் குச்சியோடுதான் போனது என்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? காற்றிலும் கொஞ்சம் போகும், சரி. டிராக்டரில் அதைவிட வேகமாகப் போகும். தேமலும் அப்படித்தான். இலங்கையின் பெயர் வைத்த அந்த வைரஸ் 2015இல் கம்போடியாவில் தெரிந்தது, பின்னாலேயே வியட்நாம், தாய்லாந்து. எல்லை தாண்டி விற்கப்படும் குச்சியோடு அதுவும் எல்லை தாண்டியது. இன்றைக்கு அந்த நாடுகள் எதிர்ப்பு ரகங்களைத் தேடி ஓடிக்கொண்டிருக்கின்றன. அடுத்ததாக எது வரும் என்று யாருக்கும் தெரியாது. குச்சி வரும் வழியைச் சரிசெய்யாதவரை அதுவும் வரும்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 1966 விதைச் சட்டத்தில் விதை என்பதன் விளக்கத்திலேயே கிழங்கு, வேர், வெட்டுத்துண்டு, ஒட்டு எல்லாம் சேர்ந்திருக்கிறது. நெல் விதைப் பண்ணைக்கு வயலாய்வு செய்ய ஆட்கள் இருக்கிறார்கள், மூட்டையில் சான்றட்டை கட்டுகிறார்கள். அதே வேலையை மரவள்ளிக்கும் செய்யச் சொல்கிறேன். குச்சிக்காகவே பயிரிட முன்வரும் விவசாயிகளைப் பதிவு செய்யுங்கள். ஆராய்ச்சி நிலையத்தில் திசு வளர்ப்பால் சுத்தம் செய்த தாய்க்குச்சியை அவர்களுக்கு மட்டும் முதலில் கொடுங்கள். நட்ட இரண்டு மூன்று மாதத்தில் ஒரு முறையும் ஐந்தாறு மாதத்தில் ஒரு முறையும் வயலுக்கு வாருங்கள். நோய்ச்செடியைப் பிடுங்கச் சொல்லுங்கள். தேறிய வயலின் கட்டுக்கு மட்டும் அட்டை கட்டுங்கள். அட்டையில் ரகம், ஊர், வெட்டிய தேதி இருந்தால் போதும். நைஜீரியாவிலும் தான்சானியாவிலும் கிராமத்து விவசாயிகளே இப்படிக் குச்சி வளர்த்து விற்பதை ஒரு தொழிலாகச் செய்கிறார்கள். நம்மால் முடியாதா?

நோய்ச்செடியைப் பிடுங்குவது பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். தேமல் வந்த செடியும் ஏதோ கொஞ்சம் கிழங்கு வைக்கும். அதைப் பிடுங்கி எறிய எந்த விவசாயிக்கும் கை வராது. எல்லா வயலிலும் பிடுங்கு என்று உத்தரவு போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டியதில்லை. ஆலைக்குப் போகும் பயிரில் தேமல் இருந்தால் அது அவருடைய நஷ்டம். குச்சிக்காக வளர்க்கும் வயலில் இருந்தால் அது ஊர் நஷ்டம். மானியம் என்று ஒன்று கொடுப்பதானால், பிடுங்கிய செடிக்கு ஈடாக அந்தக் குச்சி வயல்களுக்கு மட்டும் கொடுங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் வாரி இறைத்தால் அது உரக்கடைக்குப் போய்ச் சேரும்.

அதே சமயம், அட்டை இல்லாத குச்சியை விற்கக் கூடாது என்று தடை மட்டும் போட்டுவிடாதீர்கள். அண்ணன் காட்டுக் குச்சியைத் தம்பி நடுவதும், மாமனார் ஊரிலிருந்து ஒரு கட்டு கொண்டுவருவதும் இந்தப் பயிர் பிழைத்த வழி. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்க, பகிர, பரிமாற, விற்க உழவருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. கண்காணிக்க வேண்டியது லாரியில் மாவட்டம் தாண்டி வரும் சரக்கை. நல்ல குச்சி பக்கத்திலேயே நியாய விலைக்குக் கிடைத்தால் அந்த லாரிக்கும் ஓட்டம் குறைந்துவிடும்.

ஆலை உரிமையாளர்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். புதிய எதிர்ப்பு ரகங்களை ஆராய்ச்சி நிலையத்தாரோடு சேர்ந்து உங்கள் ஆலையிலேயே அரைத்துப் பார்த்து, எந்த ரகம் எத்தனை மாதத்தில் எத்தனை பாயிண்ட் காட்டியது என்று ஊரறியச் சொல்லுங்கள். நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே சொல்லுங்கள், நாங்களும் நடாமல் விட்டுவிடுகிறோம். வாசலில் நிற்கும்போது வாய்க்கு வந்தபடி சொல்வதுதான் ரகத்தைக் கொல்கிறது. அப்புறம், குச்சி நாற்றங்காலுக்குக் கொஞ்சம் முதலீடு போடுங்கள். விளைச்சல் குறைந்து கிழங்கு வராமல் போனால் முதலில் நிற்பது உங்கள் மிஷின்தான். சங்கம் இருக்கிறது, ஆலைக்கு ஒரு நிழல்வலைக் கூடம் என்பது உங்களுக்கு ஒரு செலவே இல்லை. சுற்றியுள்ள மகளிர் குழுக்களுக்கும் வேலை.

விஞ்ஞானிகளிடம் ஒரு எச்சரிக்கை, சிறியவன் சொல்கிறேன். தேமல் தாங்கும் ஒரே ரகத்தை மாவட்டம் முழுக்கப் பரப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. உகாண்டாவில் 1990களில் கடுமையான தேமல் வந்து மரவள்ளியே அழிந்துபோகும் நிலை வந்தது. எதிர்ப்பு ரகங்களைக் கொடுத்து மீட்டார்கள். 2004 வாக்கில் கிழங்கைப் பழுப்பாக அழுக வைக்கும் வேறொரு வைரஸ் நோய் தலைதூக்கியபோது, தேமலைத் தாங்கிய அதே ரகங்கள் அதற்குத் தாங்கவில்லை. எச் 226 ஒன்றையே நம்பி நாமும் ஐம்பது வருஷம் இருந்துவிட்டோம். முள்ளுவாடி, குங்குமரோஸ் என்று எங்களிடம் இருக்கும் பழைய ரகங்களையும் தேமல் நீக்கி, சுத்தமான குச்சியாகத் திருப்பித் தாருங்கள். முள்ளுவாடி நடுகிறவரை ஸ்ரீ ரக்ஷாவுக்கு மாற்றுவதற்குள் அவர் பேரன் காலம் வந்துவிடும். முள்ளுவாடியையே நோயில்லாமல் கொடுத்தால் நாளைக்கே வாங்கிக்கொள்வார்.

இந்தத் தை, மாசி நடவுக்கு இதில் எதுவும் ஆகாது என்று எங்களுக்குத் தெரியும். இந்த முறையும் கிடைத்த குச்சியைத்தான் ஊன்றப் போகிறோம். ஆனால் ஊன்றிய பயிர் வைகாசி, ஆனியில் பச்சையாக நிற்கும். அப்போது வட்டாரத்துக்கு ஒரு ஆளை அனுப்பினால், எந்தக் காடு குச்சிக்கு ஆகும், எது ஆகாது என்று செடியைப் பார்த்தே பிரித்துவிடலாம். மருந்து வேண்டாம், ஆய்வகம்கூட முதல் வருஷத்துக்கு வேண்டாம். ஒரு டப்பா சாயமும், தேமலை அடையாளம் தெரிந்த ஒருவரும் போதும். மற்ற காடுகளிலிருந்து விலகி, தண்ணீர் வசதியோடு இருக்கும் நிலத்தைக் குச்சிப் பயிருக்கு விட எங்கள் பக்கம் சிலர் தயாராக இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். தாய்க்குச்சி எத்தனை தர முடியும், எந்த ரகம், எந்த மாதம் வந்து பார்ப்பீர்கள் என்று சித்திரைக்குள் வட்டார அலுவலகம் வழியாகச் சொல்லி அனுப்பினால் நாங்கள் நிலத்தை உழுது வைப்போம்.

இப்படிக்கு,
ஆத்தூர் வட்டாரத்து மரவள்ளி விவசாயி ஒருவன்